பனிக்கட்டிப் பாடம்

ஜனவரி 7, வியாழன்

என் சுண்டெலி மகள் தூங்கிவிட்டாள். என் காது மடலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். காது இன்னும் சூடாக இருக்கிறது.

தலைமையாசிரியை இன்று வரச் சொல்லியிருந்தார். பிரசவத்துக்குப் போன பிறகு அந்த அறைக்குள் இப்போதுதான் நுழைகிறேன். சுற்றி வளைக்காமல் சொன்னார். ஏழாம் வகுப்பு அறிவியல் திரும்ப வேண்டுமென்றால் சனிக்கிழமைதோறும் நடக்கும் ஆசிரியர் பயிற்சிக்குப் போக வேண்டும். முடிவில் எல்லோர் முன்னாலும் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுப்பார். சரியில்லை என்றால் வகுப்பு இப்போதுள்ள புது டீச்சரிடமே இருக்கும், எனக்கு நூலகம்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. ஒன்றரை வருஷம்னா கை விட்டுப் போயிருக்கும்" என்றார்.

கோபம் ஒன்றுமில்லை. அவர் சொல்வது உண்மையாக இருந்துவிட்டால் என்ற பயம்தான். போன வாரம் குக்கர் முன்னால் நின்றுகொண்டு 'ஆவியாதல்' என்ற சொல்லைத் தேடினேன். வரவில்லை. தண்ணி காத்தா போறது, தண்ணி காத்தா போறது என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் அடியில் பிடித்துவிட்டது.

ஜனவரி 8, வெள்ளி

நாளை முதல் சனிக்கிழமை. நாத்தனார் குழந்தையைப் பார்த்துக்கொள்வாள். பார்த்துக்கொள்வாள்தானே?

ஜனவரி 9, சனி

நான் செருப்பு மாட்டும்போதே சுண்டெலிக்குத் தெரிந்துவிட்டது. உதடு பிதுங்கியது. நான் திரும்பித் திரும்பிப் பார்ப்பதைக் கண்டு நாத்தனார், "நீங்க போனா அஞ்சு நிமிஷம் அழுவா அண்ணி. நீங்க நின்னா அரை மணி நேரம். எது வேணும், நீங்களே சொல்லுங்க" என்றாள். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறாள். பேச்சிலும் ஊசி இருக்கும். ஓடிப்போய்ப் பேருந்தில் ஏறினேன். அழுகை பேருந்துக்குள்ளும் கேட்டது. கேட்டதா, கேட்பதுபோல் இருந்ததா?

பயிற்சி ஒரு பள்ளியின் மாடிக் கூடத்தில். உயரமான ஜன்னல்கள், சாய்ந்து இறங்கும் வெயில், அதில் தூசி ஏதோ யோசனையில் இருப்பதுபோல் மிதந்தது. வந்தவர்கள் எல்லோரும் கடைசி பெஞ்சுகளுக்கே போனோம். பிள்ளைகள் இதைச் செய்தால் திட்டுவோம்.

பயிற்சி தருபவர் ஓர் ஒல்லியான பெண்மணி. என்ன சொன்னாலும் "ஏன்?" என்பார். மதியத்துக்குள் அவருக்கு 'ஏன் மேடம்' என்று பெயர் விழுந்துவிட்டது. என் மேசையில் உட்கார்ந்தவர் வேறொரு பள்ளியின் வேதியியல் ஆசிரியர், தலை முழுதும் நரைத்தவர். யார் என்ன சொன்னாலும் "கரெக்ட், கரெக்ட்" என்பார். அவர் எனக்குக் கரெக்ட் சார்.

முதல் வேலை, ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு மை. பார்த்து எழுத வேண்டும். சொட்டு விழுந்த அடுத்த நொடியே கூடம் முழுக்கப் பேனாக்கள் 'விரவுதல்' என்று எழுதி ஓய்ந்தன.

"பேர எழுதிட்டீங்க. பார்த்தத எழுதுங்க" என்றார் ஏன் மேடம்.

மறுபடி பார்த்தேன். சொட்டு முதலில் ஒரு மோதிரமானது. மோதிரம் கீழே இறங்க இறங்கப் பெரிதாகி, அங்கங்கே பிய்ந்து, ஒவ்வொரு பிய்தலிலிருந்தும் ஒரு கால் முளைத்தது. காலுக்கும் கால். நீல நிறத்தில் ஏதோ ஒன்று தன் தூக்கத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எத்தனை முறை நடத்தியிருப்பேன் இந்தப் பாடத்தை! ஒரு சொட்டு மையை இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை.

இடைவேளையில் வீட்டுக்கு ஃபோன். "அவ அழுகைய நிறுத்தி ரெண்டு மணி நேரமாச்சு" என்றாள் நாத்தனார். "உங்களுக்கு நின்னுச்சா?"

ஜனவரி 13, புதன்

பகல் தூக்கத்தில் ஒரு கனவு. வகுப்பறை முழுக்கத் தண்ணீர். பிள்ளைகள் அவரவர் பெஞ்சில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறார்கள், தலைமுடி மட்டும் மேல்நோக்கி அசைகிறது. நான் ஏதோ கேட்கிறேன். குமிழிதான் வருகிறது. கையைத் தூக்குகிறார்கள், அவர்கள் வாயிலிருந்தும் குமிழி. கூரையில் முட்டி முட்டி உடைகிறது. யார் சொன்ன பதிலும் எனக்குக் கேட்கவில்லை. ஆனாலும் "சரி, உட்கார்" என்கிறேன்.

ஜனவரி 16, சனி

இன்று நடந்ததை எழுதாமல் தூங்க முடியாது.

மேசைக்கு ஒரு கிண்ணம் நொறுக்கிய ஐஸ், ஒரு வெப்பமானி. உருக உருக, நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்து அட்டவணையில் எழுதி வரைபடம் போட வேண்டும். கூடத்தில் ஒரே சிரிப்பு. ஏழாம் வகுப்புப் பாடமாச்சே! முழுதாக உருகும்வரை சுழியிலேயே நிற்கும், பிறகுதான் ஏறும். படத்தை இப்போதே போட்டுவிடலாம் என்றார் ஒருவர்.

நான் குனிந்து பார்த்தேன். சுழிக்குக் கீழே ஆறு கோடு. வெப்பமானி கெட்டுவிட்டது என்று நினைத்து எடுத்து உதறினேன், சுண்டெலிக்குக் காய்ச்சல் பார்க்கும்போது உதறுவதுபோல். கரெக்ட் சார் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அம்மா, இதுக்குக் காய்ச்சல் இல்ல." எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி வைத்தேன். மறுபடி ஆறு கீழே. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிறகு நான் சுழி என்று எழுதினேன். அவர் "கரெக்ட்" என்றார்.

எல்லா மேசை வரைபடங்களையும் சுவரில் ஒட்டினார்கள். எல்லாம் ஒரே படம். தட்டையான அழகான கோடு, சுழியில். ஒரே ஒரு மேசையில் மட்டும் துணிந்து ஒரு டிகிரி கீழே இறங்கியிருந்தார்கள்.

ஏன் மேடம் சுவர் ஓரமாக மெல்ல நடந்து வந்தார். ஐஸில் உப்பு போட்டிருப்பதாகச் சொன்னார், வானிலை சொல்வதுபோல். எல்லாக் கிண்ணத்திலும். உப்பு கலந்த ஐஸ் சுழியில் நிற்காது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியுமே என்றார்.



"வேற எண் பார்த்தவங்க கை தூக்குங்க."

ஒவ்வொன்றாக எழும்பின. எல்லாக் கைகளும்.

"ஏன் எழுதல?"

கரெக்ட் சார்தான் எழுந்தார். "சரியா இருக்காதுன்னு நெனச்சோம் மேடம்."

அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

திரும்பும் பேருந்தில் ஜன்னலில் தலை சாய்த்து வந்தேன். தெரு விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடிக்குள் நுழைந்து வெளியேறின. கண்ணுக்கு முன்னால் இருந்த எண்ணை எழுத எது தடுத்தது? ஐஸ் பொய் சொல்லவில்லை. வெப்பமானியும் சொல்லவில்லை.

ஜனவரி 17, ஞாயிறு

வீட்டுக்காரரிடம் சொன்னேன். லிஃப்ட் பழுதுபார்ப்பவர், எந்தக் கதையையும் லிஃப்டுக்குள் ஏற்றிவிடுவார். "கட்டடத்துல நாலாவது மாடின்னு பலகை சொல்லும், லிஃப்ட் நாலுக்கும் மூணுக்கும் நடுவுல நிக்கும். நான் பலகைய நம்பிக் கதவத் தொறந்தா என்ன ஆகும்?" என்று கேட்டுவிட்டு, "உனக்கு விதவைப் பென்ஷன் ஆகும்" என்று அவரே பதிலும் சொன்னார். அடித்தேன். சுண்டெலி கைதட்டினாள்.

ஜனவரி 23, சனி

பாடம் நடத்திக் காட்டும் முறை வேறு மாதிரி. பின்னால் உட்காரும் ஆசிரியர்கள் என்னைப் பார்க்கக் கூடாதாம். ஆளுக்கு இரண்டு பிள்ளைகள். அந்த இருவர் என்ன செய்தார்கள், என்ன சொன்னார்கள், எப்போது கொட்டாவி விட்டார்கள் என்பதை மட்டும் எழுத வேண்டும். நான் அங்கே இருந்தும் இல்லாதவள். கேட்டதும் ஒரு விடுதலை வந்தது. உடனே நினைவு வந்தது, தலைமையாசிரியை என்னைத்தான் பார்ப்பார்.

பிப்ரவரி 4 என்று குறித்துவிட்டார்கள். எங்கள் பள்ளியில், ஏழாம் வகுப்பில். பாடத்தை நானே தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். வாயில் வந்தது 'ஐஸ் உருகுதல்'. கரெக்ட் சார் என்னைப் பார்த்த பார்வை! சுட்ட அடுப்பிலேயே மறுபடி கை வைப்பவளைப் பார்ப்பதுபோல்.

உள்ளுறை வெப்பம். யார் வைத்த பெயரோ. சூடு உள்ளே போய்க்கொண்டே இருக்கும், எண் அசையாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்கவில்லை. உள்ளே ஒவ்வொரு பிடியாகக் கட்டு அவிழ்ந்துகொண்டிருக்கும். இந்த ஒன்றரை வருடத்தில் எனக்கு என்ன நடந்தது என்று யாராவது கேட்டால் என்ன எண்ணைக் காட்டுவேன்?

ஜனவரி 28, வியாழன்

வீட்டில் ஒத்திகை. ஐஸ் தட்டு நாலும் காலி. நாத்தனார் கதவில் சாய்ந்துகொண்டு, "ஜூஸ் போடுறீங்கன்னு நெனச்சு டம்ளரோட வந்தேன். படிப்பு நடக்குதா" என்றாள். கரண்டியை அவளிடம் கொடுத்தேன்.

கலக்காமல் விட்டால் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வோர் எண். டம்ளர் அடியில் நாலு. நடுவில் ஒன்று. ஐஸை ஒட்டி சுழி. நன்றாகக் கலக்கிவிட்டால் எல்லா இடமும் சுழிக்கு வந்து அடங்கிவிடுகிறது. கரெக்ட் சாரும் ஃபோனில் அதையே சொன்னார்: "மொதல்லயே கலக்கச் சொல்லிடுங்கம்மா. எல்லா டேபிளும் ஒரே மாதிரி வரும். பாடமும் நேரத்துக்கு முடியும்."

ஆக, ஒரே ஒரு சொல் போதும். 'கலக்குங்க'. அதைச் சொல்லிவிட்டால் வகுப்பு என்னுடையது.

பிப்ரவரி 2, செவ்வாய்

சுண்டெலிக்கு உடம்பு சுடுகிறது. இல்லை, சுடவில்லை. வெப்பமானியில் ஒன்றுமில்லை, என் கைதான் குளிர்ந்திருக்கிறது. நாளன்னிக்கு இவளுக்கு ஏதாச்சும் ஆயிட்டா? நான் அங்க போய் ஐஸ் உருகறதப் பார்த்துக்கிட்டு நிக்கணுமா? அவர் வேலைக்குப் போயிருப்பார், எந்த மாடிக்கு நடுவுல இருப்பாரோ. வேண்டாம்னு சொல்லிடலாமா? நூலகம் ஒன்னும் மோசமில்ல. அங்க யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க.

யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். எழுதிய பிறகு அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

பிப்ரவரி 4, வியாழன்

நடந்துவிட்டது.

மூன்றாம் பீரியட். ஐந்து மேசை, ஐந்து கண்ணாடி டம்ளர், பிள்ளைகள் முப்பத்துச் சொச்சம். பின் சுவரை ஒட்டிப் பயிற்சி ஆசிரியர்கள். கதவருகே தலைமையாசிரியை, கைகட்டி நின்றபடி. சாக்பீஸைக் கையில் எடுத்ததும் அதன் எடையே மறந்துபோயிருந்தது, இவ்வளவு இலேசா?

டம்ளருக்குள் ஐஸ் விரிசல் விடும் சத்தம் வகுப்பு முழுக்கக் கேட்டது. யாரோ மிகச் சின்ன எலும்புகளைச் சொடுக்கெடுப்பதுபோல். அந்தச் சத்தத்துக்காகவே பிள்ளைகள் பேச்சை நிறுத்தினார்கள். எண்களைப் படிக்கச் சொன்னேன். முதல் மேசை சுழி. இரண்டாவது சுழி. மூன்றாவது சுழி. நாலாவது ஒன்றரை. ஜன்னலோர மேசையில் பல்லுக்குக் கம்பி போட்ட பெண்ணொருத்தி, படிக்காமல் என்னைப் பார்த்தாள்.

"டீச்சர், எங்களுக்கு நாலு வருது. நாங்க தப்பா செஞ்சுட்டோமா?"

பக்கத்தில் இருந்தவள் ஏற்கெனவே ரப்பரை எடுத்துவிட்டாள். சொல் நாக்கு நுனியில் நின்றது. 'கலக்குங்க.' அவ்வளவுதான். தலைமையாசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலுன்னா நாலுன்னே எழுதுங்க" என்றேன். "அவங்களுக்குச் சுழி, உங்களுக்கு நாலு. ஏன்னு கண்டுபிடிக்கலாமா?"

பிறகு நான் ஒன்றுமே சொல்லவில்லை. அது எவ்வளவு கஷ்டம் என்று யாரிடம் சொல்ல! கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன், அவை எதையாவது செய்துவிடக் கூடாதென்று. கம்பிப்பல் எழுந்து மேசை மேசையாகப் போனாள். வெப்பமானி கோளாறு என்றான் ஒருவன், மாற்றிப் பார்த்தார்கள். இல்லை. வெயில் படுவதால் என்றார்கள், டம்ளரை நகர்த்தினார்கள். அப்போதும் நாலு. யார் யாரோ பேசினார்கள், ஒருவர் பேச்சு இன்னொருவர் பேச்சில் மையைப்போலக் கலந்தது. நான் அவர்களுக்கு நடுவில் நின்றும் எங்கோ தூரத்தில், தண்ணீருக்கு மேலே வந்துவிட்டவள்போல் நின்றேன். இப்போது எல்லாம் கேட்டது.

கம்பிப்பல் வெப்பமானியை மேலே தூக்கினாள். எண் இறங்கியது. கீழே விட்டாள். ஏறியது. மேலே, கீழே, மேலே, கீழே. திடீரென்று டம்ளர் முழுதும் ஒரே எண். "நான் கலக்கிட்டேன் போல" என்றாள், ஏதோ குற்றம் செய்தவள்போல்.

மணி அடித்துவிட்டது.

கரும்பலகையில் கேள்வியை மட்டும் எழுதியிருந்தேன். முடிவு எழுதவில்லை. மூன்று மேசைகளுக்கு அவள் கண்டது என்னவென்றே தெரியாது. தலைமையாசிரியை உள்ளே வந்து பலகையைப் பார்த்தார். "பாடம் முடியலையேம்மா" என்றார். திட்டவில்லை. வருத்தத்தோடு சொன்னார், அதுதான் தாங்கவில்லை.

பிப்ரவரி 5, வெள்ளி

கலந்துபேசும் கூட்டம். அவரவர் எழுதியதைப் படித்தார்கள். கரெக்ட் சாருக்குக் கிடைத்த இருவரில் ஒருத்தி கம்பிப்பல். அவள் வெப்பமானியை எத்தனை முறை தூக்கி இறக்கினாள், ரப்பர் வைத்திருந்த தோழியின் கையை எப்போது தட்டிவிட்டாள் எல்லாம் எழுதியிருந்தார். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத்தன வருஷத்துல ஒரு பிள்ளையோட முகத்த ஒரு பீரியட் முழுக்க நான் பார்த்ததில்ல" என்றார். 'கரெக்ட்' என்று சொல்லவில்லை.

தலைமையாசிரியை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. பரீட்சைல முடிவத்தான கேப்பாங்க? விட்டுப்போனத நானே திங்கக்கிழமை முடிச்சுக் குடுத்துடறேன். உங்க விஷயம் அடுத்த வாரம் சொல்றேன்."

நூலகத்தில் என் மேசை எந்தப் பக்கம் என்று போகும்போது எட்டிப் பார்த்தேன். ஜன்னல் இருக்கிறது.

பிப்ரவரி 7, ஞாயிறு

அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கலாமோ? ஒரே ஒரு சொல். சுண்டெலி இன்று முழுக்க ஒரு மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடினாள். நான் உதவப் போனால் கையைத் தள்ளிவிட்டாள்.

பிப்ரவரி 10, புதன்

கூப்பிட்டு அனுப்பினார். அறைக்குள் போனதும் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை அவர் ஏழாம் வகுப்புக்குப் போயிருக்கிறார். பனிக்கட்டி எத்தனை டிகிரியில் உருகும் என்று கேட்டிருக்கிறார். ஒரு கையும் எழவில்லை. மறந்துவிட்டார்கள் என்று நினைத்து அவரே சுழி என்று பலகையில் எழுதியிருக்கிறார். அப்போது ஜன்னலோர மேசையிலிருந்து ஒருத்தி எழுந்து—

"'எந்த எடத்துல வெச்சுப் பார்த்தீங்க டீச்சர்? கலக்கினீங்களா?'ன்னு கேக்குறா" என்றார். "என்னை."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"இருபத்திரண்டு வருஷமா அந்தக் கேள்விய கேட்டுட்டிருக்கேன். யாரும் என்னைத் திருப்பிக் கேட்டதில்ல." மேசைமேல் இருந்த கண்ணாடிக் குண்டை அப்படி இப்படி உருட்டினார். "நான் பார்த்ததே இல்லம்மா. அதான் உண்மை. ஐஸ்ல வெப்பமானிய நான் வெச்சதே இல்ல. படிச்சேன், சொன்னேன்."

பிறகு பழைய குரலுக்குத் திரும்பினார். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து வகுப்பு என்னுடையது. "ஆனா பாடமெல்லாம் முடிச்சாகணும். அது உங்க தலைவலி. பாதி பாடத்தோட வந்து நிக்கக் கூடாது."

சரிங்க என்றேனா, தலையாட்டினேனா, நினைவில்லை. படியில் இறங்கும்போது படிகள் மெத்தைபோல் அமுங்கின.

பிப்ரவரி 12, வெள்ளி

புது டீச்சரைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டதுபோல். அவரோ என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் படித்தது கணக்கு, ஆளில்லாமல் அறிவியலில் தள்ளிவிட்டிருக்கிறார்கள். "அந்தப் பாடத்துக்கு அப்புறம் எதுக்கெடுத்தாலும் 'நீங்க பார்த்தீங்களா'ன்னு கேக்குறாங்க அக்கா. கணக்குல அந்த வம்பு இல்ல. சீக்கிரம் வாங்க" என்றார்.

மார்ச் 1, திங்கள்

வாசலில் சுண்டெலி அழுதாள். நானும்தான். நாத்தனார் இருவருக்கும் ஒரே துண்டைக் கொடுத்தாள்.

மார்ச் 11, வியாழன்

ஒளிப் பாடம். ஜன்னல்களைக் கறுப்பு அட்டையால் மூடி, ஓர் அட்டையில் மட்டும் காசு அளவு ஓட்டை போட்டிருந்தோம். கதவைச் சாத்தியதும் முதலில் ஒன்றும் தெரியவில்லை. யாரும் பேச வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, யாரும் பேசவும் இல்லை. கண் பழகப் பழக எதிர்ச் சுவரில் தெரு வந்தது. தலைகீழாக. ஒரு பேருந்து கூரையில் தொங்கிக்கொண்டே மெதுவாகப் போனது. குடை பிடித்துப் போன ஒருவர் குடையைக் கிண்ணம்போல் ஏந்திக்கொண்டு போனார். மரத்தின் இலைகள் சுவரின் அடியில், தரையோடு அசைந்தன. பிள்ளைகள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள். நானும் அவர்களோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ என் காதருகில், "ஏன் டீச்சர்?" என்று கேட்டார்கள். தெரிந்த பதில்தான். இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம் என்றேன்.

மணி அடித்து, கதவைத் திறந்து, வெளிச்சத்தில் கண் கூசி நின்றபோதுதான் உறைத்தது. அந்த பீரியட் முழுக்கச் சுண்டெலியை ஒருமுறைகூட நினைக்கவில்லை. வீட்டுக்கு ஃபோன் செய்யப் பையில் கைவிட்டேன். எடுக்கவில்லை. அடுத்த மணியும் அடித்துவிட்டது.

சாயங்காலம் நான் வந்தபோது அவள் மெஷினுக்கு அடியில் துணித் துண்டுகளைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள், சிரித்தாள், திரும்பத் துணிக்குப் போய்விட்டாள்.

நாளை அடுத்த பிரிவுக்கும் இதே பாடம். அட்டையைச் சுருட்டி வைத்துவிட்டேன். வெயில் இருக்க வேண்டும்.